ஒரு பிழையும் நினைவுக்கு வரேல்லையாம்

வாசகர் கேள்வி – பதில்

போன மாசம் ஒருவருக்குப் பதில் எழுதேக்க, சண்டை நடத்துற ஜனாதிபதி ஆரும் ரீவியில நிருபர்மாருக்கு முன்னால வந்து நிண்டால் நான் சத்தத்தைக் குறைச்சுப்போட்டு முகத்தை மட்டும்தான் பாக்கிறனான் எண்டு சும்மா ஒரு வரி போட்டுவிட்டன். அவ்வளவுதான், இந்த மாசம் வந்த கடிதம், வட்ஸ்அப், வைபர் எல்லாம் உதைப்பற்றித்தான். சாதகம், சமையல், காணி வழக்குக் கேட்ட ஆக்கள் கோவிக்காதேங்கோ, அடுத்த மாசம் பாப்பம்.

கேள்வி: மகன் போனில ஒரு பழைய வீடியோ காட்டினவன். ஜோர்ஜ் புஷ்ஷிட்ட ஒரு நிருபர் "நீங்கள் விட்ட பெரிய பிழை என்ன" எண்டு கேக்கிறார், அந்தாள் முழுசிக்கொண்டு நிக்குது. உது உண்மையோ, ஆரும் வெட்டி ஒட்டினதோ? (வாசகர், கொக்குவில்)

உண்மைதான் அண்ணை, வெட்டும் இல்ல ஒட்டும் இல்ல. 2004 ஏப்ரல் 13, வெள்ளை மாளிகையின்ர கிழக்கு அறையில நடந்தது. அங்க இரவு எட்டரை, எங்களுக்கு அடுத்த நாள் விடிய ஆறரை. கணக்கு உதைக்குதெண்டு யோசிக்காதேங்கோ, அப்ப எங்கட மணிக்கூடு இப்பத்தையைவிட அரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடினது, 1996 இல மாத்தினவை, 2006 இலதான் திருப்பிப் பழையபடி வந்தது, வன்னியில புலிகள் அதை ஏத்துக்கொள்ளாமப் பழைய நேரத்தையே வைச்சிருந்தவை, முகமாலைச் சோதனைச்சாவடி தாண்டிப் போற சனம் மணிக்கூட்டைத் திருப்பித் திருப்பியே களைச்சுப்போச்சு.

வருசப்பிறப்பை ஒட்டின நாள். எங்கட ஒழுங்கையில டிஷ் பூட்டின வீடு ஒண்டே ஒண்டு, வெளிநாட்டுக் காசு வாற வீடு. அங்க நாங்கள் ஏழெட்டுப் பேர் தேத்தண்ணியோட இருந்து பாத்தனாங்கள், ஒரு றிட்டயர் பண்ணின இங்கிலீஸ் வாத்தியார்தான் மொழிபெயர்ப்பு. ஈராக்கில அந்த மாசம் சரியான மோசம். பல்லூஜாவில மார்ச் கடைசியில நாலு அமெரிக்கக் கொந்திராத்துக்காரரைக் கொலை செய்து, அதில ரெண்டு பேற்ற உடலைப் பாலத்தில தூக்கினதும், அதுக்குப் பிறகு அந்த ஊரைச் சுத்திவளைச்சு அடிச்சதும், மற்றப் பக்கத்தால ஷியா மதகுரு முக்தாதா அல் சதரின்ர பெடியள் கிளம்பினதும் எல்லாம் ஒண்டாச் சேந்து, சண்டை துவங்கினதில இருந்து அமெரிக்கனுக்கு அவ்வளவு சாவு வந்த மாசம் அதுவரைக்கும் இல்ல. புஷ் இப்பிடி இரவு பிரைம் டைமில பிரஸ் கொன்பரன்ஸ் வைக்கிறது பதவிக்கு வந்து மூண்டாவது தரம்தான். முதல் பதினேழு நிமிசம் மாதிரித் தானே வாசிச்சார், பேந்துதான் கேள்வி.

கேள்வி எண்டா சுத்திச் சுத்தி ஒரு இடத்திலதான் வந்து நிண்டது. ஏனெண்டா அதுக்கு மூண்டு கிழமைக்கு முதல்தான் றிச்சர்ட் கிளார்க் எண்டு அவற்ற பழைய பாதுகாப்பு அதிகாரி ஒராள், செப்டெம்பர் 11 விசாரணை ஆணைக்குழுவுக்கு முன்னால, செத்த ஆக்களின்ர குடும்பங்களைப் பாத்து உங்கட அரசாங்கம் உங்களைக் கைவிட்டிட்டுது, நானும் கைவிட்டிட்டன் எண்டு மன்னிப்புக் கேட்டவர். அப்ப நீங்களும் கேப்பியளோ எண்டு ஒருத்தர் கேக்க, பொறுப்பு ஒசாமா பின்லாடனுக்குத்தான் எண்டு புஷ் கழண்டிட்டார். முடியிறதுக்குக் கிட்டவாத்தான் டைம் சஞ்சிகையின்ர ஜோன் டிக்கர்சன் எழும்பி, செப்டெம்பர் 11 க்குப் பிறகு நீங்கள் விட்ட ஆகப்பெரிய பிழை என்ன, அதில என்ன படிச்சனீங்கள் எண்டு கேட்டார். அந்தாள் யோசிக்குது, சிரிக்கப் பாக்குது, இதை முதலே எழுதித் தந்திருந்தால் ஆயத்தமா வந்திருப்பனே எண்டுது, இந்தப் பிரஷரில ஏதும் மண்டைக்குள்ள வரும், ஆனா இன்னும் வரேல்ல எண்டுது.

அறையில ஒரு சத்தமும் இல்ல. பிறகு வீட்டுக்காரற்ற அம்மா, இங்கிலீஸ் ஒரு சொல்லும் தெரியாத மனிசி, "பாவம், பெடியன் நித்திரை கொள்ளேல்லப் போல" எண்டா. வாத்தியாருக்கு வந்துதே கோவம்! "எங்கட ஒழுங்கை வைரவருக்கே நாலு பிழை இருக்கும், உவருக்கு ஒண்டும் இல்லையாமோ" எண்டு கத்தினார். அங்கால இருந்த ஒரு வியாபாரி, அவர் கடையில ஒருநாளும் கணக்குப் பிழையெண்டு ஒத்துக்கொண்டதே இல்ல, அவர் மட்டும் தலையாட்டி, "சண்டை நடக்கேக்க பிழையெண்டு சொன்னா முன்னுக்கு நிக்கிறவன் துவக்கைக் கீழ போட்டிடுவான், அந்தாள் செய்தது சரி" எண்டார். பிறகு அமெரிக்கப் பேப்பர்காரர் எழுதினதை வாசிச்சா அதே மூண்டு பேர்தான் அங்கயும் எழுதியிருக்கினம், பாவம் எண்டவை, ஆணவம் எண்டவை, உறுதியெண்டவை. ஒரு நிமிசம்கூட இல்லாத முழிசாட்டத்துக்கு மூண்டு பொழிப்பு.

இதுக்குப் பிறகு நடந்ததையும் சொல்லோணும். சரியாப் பதினைஞ்சு நாள் கழிச்சு, ஏப்ரல் 28, அபு கிரைப் சிறைப் படங்கள் அமெரிக்க ரீவியில வந்திது. தலையில துணி மூடி, பெட்டிக்கு மேல ஏத்தி, வயர் கொழுவி வைச்ச அந்தப் படம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அதே புஷ் 2009 ஜனவரியில பதவி விட்டுப் போக முதல் வைச்ச கடைசிப் பிரஸ் கொன்பரன்ஸில, கப்பலில "மிஷன் அக்கொம்பிளிஷ்ட்" எண்டு, அதாவது காரியம் முடிஞ்சுதெண்டு, பனர் கட்டினது பிழையெண்டு, நிருபர் ஒராள் கேக்கத்தான் சொன்னார். கிட்டத்தட்ட அஞ்சு வருசம் பிடிச்சிருக்கு மண்டைக்குள்ள வர, வந்ததும் பனர்!

கேள்வி: அப்பிடி முழிசினவர் பேந்து எப்பிடி எலக்சனில வெண்டவர்? அமெரிக்கச் சனத்துக்கு மூளையில்லையோ? (வாசகி, மானிப்பாய்)

அக்கா, உந்தக் கேள்வியை எங்கட சனத்தைப் பற்றியும் கேக்கலாம், ஆனா பத்திரிகை நடத்தேலாது. ஓம், அதே வருசம் நவம்பரில ஐம்பது வீதத்துக்குக் கொஞ்சம் மேல எடுத்து வெண்டார். சனம் பிரஸ் கொன்பரன்ஸ் பாத்து மனம் மாறுறது குறைவு, முதலே வைச்சிருக்கிற மனத்தை அங்க கொண்டுபோய் ஒருக்கா உரைச்சுப் பாக்கிறதுதான் கூட. அக்டோபர் விவாதத்திலயும் ஒரு பொம்பிளை எழும்பி மூண்டு பிழை சொல்லுங்கோ எண்டு கேட்டவ, அப்பவும் சில ஆக்களைப் பதவிக்கு நியமிச்சது பிழை, பேர் சொல்லமாட்டன் எண்டு நழுவினார். பிழை எப்பவும் மற்றவனை வேலைக்கு வைச்சதிலதானே.

இதைவிட ஒரு கணக்கு எனக்கு நெஞ்சில குத்துறது. 1970 மே 4, ஒகையோவில கென்ற் பல்கலைக்கழகத்தில, கம்போடியாவுக்குள்ள அமெரிக்க ஆமி போனதை எதிர்த்த பெடியளுக்குத் தேசியக் காவல்படை சுட்டு நாலு பேர் செத்தவை, அதில ரெண்டு பேர் ஊர்வலத்துக்கே போகாத, வகுப்புக்கு நடந்து போன பிள்ளையள். உடன எடுத்த கலப் கருத்துக்கணிப்பில 58 வீதம் பேர் பிழை மாணவரில எண்டினம், சுட்டவனில பிழையெண்டது 11 வீதம். வாசிக்கேக்க எனக்குக் கொழும்பு பஸ்ஸில 83 கலவரத்துக்குப் பிறகு கேட்ட கதையள் ஞாபகம் வந்திது, "உங்கட பெடியள் ஏன் அப்பிடிச் செய்தவை" எண்டு எரிஞ்ச கடைக்காரனைக் கேட்ட கதையள்.

கேள்வி: இந்த ஜனாதிபதிமாருக்கு ரீவிக்கு முன்னால நிக்கேக்க பயம் வாறேல்லையோ? (உயர்தர மாணவி, கரவெட்டி)

வரும் பிள்ளை, நல்லா வரும். இப்ப சொன்ன அந்தச் சூட்டுக்கு நாலு நாள் கழிச்சு, மே 8 இரவு பத்து மணிக்கு நிக்ஸன் நேரடி ஒளிபரப்பில பிரஸ் கொன்பரன்ஸ் வைச்சார். ஊர் முழுக்கப் பிள்ளையள் வோஷிங்டனுக்கு வந்து குவியுது, வெள்ளை மாளிகையைச் சுத்திப் பஸ்ஸுகளை வரிசையா விட்டு வேலி போட்டிருக்கு. மனிசன் வேர்க்க வேர்க்க நிண்டு, அந்தப் பிள்ளையள் கேக்கிற சமாதானத்தைத்தான் நானும் தேடுறன் எண்டு மெல்லமாக் கதைச்சார். முடிஞ்சு போய் நித்திரை வரேல்ல. இரவிரவா ஆக்களுக்கு ரெலிபோன் எடுத்துக்கொண்டே இருந்தார், அம்பது கோலுக்குக் கிட்ட, நான் எப்பிடிச் செய்தனான் எண்டு கேக்கத்தானே வேறென்ன, சோதினை எழுதிப்போட்டு ஒவ்வொரு சிநேகிதிக்கும் கோல் எடுக்கிற மாதிரி. பிறகு விடியப்புறம் நாலு நாலரைக்குத் தன்ர வேலையாள் மனோலோ சாஞ்செஸைக் கூட்டிக்கொண்டு லிங்கன் நினைவு மண்டபத்துக்குப் போயிட்டார். பாதுகாப்புக்காரர் திகைச்சுப்போச்சினம். அங்க படியில கிடந்து எழும்பின மாணவருக்கு நடுவில நிண்டு ஜனாதிபதி கதைக்கிறார்! என்ன கதைச்சவர் எண்டு நினைக்கிறீங்கள்? கொஞ்சம் சமாதானம், கொஞ்சம் தன்ர இளமைக்காலம், பிறகு சிரக்கியூஸில இருந்து வந்த பிள்ளையளோட உங்கட ஃபுட்போல் ரீம் எப்பிடி எண்டு. சாவீட்டுக்குப் போய் மாமரம் இந்த வருசம் காய்ச்சதோ எண்டு கேக்கிற ஆக்கள் எங்கட ஊரிலயும் இருக்கினம், கூடாத ஆக்கள் இல்ல, என்ன கதைக்கிறதெண்டு தெரியாது. பிள்ளையள் நித்திரைத் தூக்கத்தில கேட்டுக்கொண்டு நிண்டிட்டுப் பத்திரிகைக்காரரிட்டப் போய், நாங்கள் சண்டையைப் பற்றிக் கேக்க வந்தா உவர் ஃபுட்போல் கதைக்கிறார் எண்டு சொல்லிப்போட்டினம். அவ்வளவு கஷ்டப்பட்டதுக்கு அதுதான் மிச்சம்.

கேள்வி: நேரடி ஒளிபரப்பில பிரஸ் கொன்பரன்ஸ் முதல் துவங்கினது ஆர்? (வாசகர், அச்சுவேலி)

கெனடி, 1961 ஜனவரி 25. அதுக்கு முதல் ஐஸனோவர் 1955 இலயே கமெராவை உள்ள விட்டவர், ஆனா ஃபில்ம் எடுத்து வெள்ளை மாளிகை பாத்துச் சரியெண்டாத்தான் வெளியில போகும். ஜோன்சன் இதில தனிக்கதை. 1965 ஜூலை 28, வியட்நாமில நிண்ட 75,000 பேரை 125,000 ஆக்கிற பெரிய செய்தியை, சனம் இரவு குந்தியிருந்து பாக்காமப் பட்டப்பகலில ஒரு பிரஸ் கொன்பரன்ஸில சொல்லிமுடிச்சவர். 1967 நவம்பரில ஒருநாள் மட்டும் சட்டையில மைக்கைக் கொழுவிக்கொண்டு, மேசைக்குப் பின்னால நிக்காம இஞ்சால அங்கால நடந்து கையை வீசிக் கதைக்க எல்லாரும் ஆகா எண்டினம், அவர் என்னெண்டா அதை ஒரு நாடகக்காரன் வேலையெண்டு நினைச்சாரோ என்னவோ, திரும்ப அப்பிடிச் செய்யவே இல்ல.

கேள்வி: எவனோ ஒரு நாட்டு ஜனாதிபதி கதைக்கிறதை எங்கட ஆக்கள் சந்தியில வாங்கில இருந்து நாள் முழுக்க அலசினம். வேலையில்லாத வேலைதானே? (வாசகர், சாவகச்சேரி)

எனக்கும் அப்பிடித்தான் சில நேரம் கிடக்கிறது. ஆனா தம்பி, உங்கட வயசு தெரியாது, 1990 க்குப் பிறகு எங்களுக்குக் கரண்ட் இல்ல, பற்றறி தடை, மண்ணெண்ணெய் என்ன விலை வித்ததெண்டு வீட்டில பெரிய ஆக்களைக் கேளுங்கோ. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில வயரைக் கொழுவி, ஒருத்தர் பெடலைக் கையால சுத்த மற்ற ஆக்கள் றேடியோவுக்குக் காது குடுத்த காலம் அது. இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. சுத்துறவன் களைச்சா ஜனாதிபதி இழுபட்டுக் கதைப்பார், வேகமாச் சுத்தினாலும் கதை மாறாது. முகம் இல்லாமக் கேட்டுப் பழகின சனம், ஒருத்தர் எதைச் சொன்னவர் எண்டதைவிட எதைச் சொல்லாம விட்டவர் எண்டதிலதான் காது.

அதுக்கும் முதலே எங்களுக்கு அடிச்சுப் படிப்பிச்ச ஒரு நாள் இருக்கு. 1983 ஆடி, கொழும்பில 24 ஆம் திகதி இரவு துவங்கி எரியுது, ஜே. ஆர். ஜெயவர்த்தனா நாட்டுக்குக் கதைச்சது 28 ஆம் திகதி. ரூபவாகினி வந்து அப்ப ஒண்டரை வருசம்தான். சிங்களச் சனத்தின்ர உணர்ச்சியைப் பற்றியும், பிரிவினை கேக்கிறதைத் தடைசெய்யிற சட்டத்தைப் பற்றியும் சொன்னார். எரிஞ்ச வீட்டுக்காரருக்கு, செத்த ஆக்களுக்கு ஒரு அனுதாபச் சொல் இல்ல. அது பிரஸ் கொன்பரன்ஸ் இல்ல, கேள்வி கேக்க ஒருத்தரும் இல்ல, ஆனா அந்த இல்லாத சொல்லை எங்கட வீட்டில என்ர அப்பா சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்.

மற்றப் பக்கத்தையும் சொல்லாட்டி நான் புஷ்ஷைக் குறை சொல்லேலாது. 2002 ஏப்ரல் 10, கிளிநொச்சியில பிரபாகரன் வைச்ச பத்திரிகையாளர் மாநாடு. அவர் ஜனாதிபதி இல்ல, சண்டையும் அப்ப நிண்டிருந்தது, ஆனா உலகத்துப் பத்திரிகைக்காரர் எல்லாம் வந்து குவிஞ்சவை. ராஜீவ் கொலையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேக்க வந்த பதில் "துன்பியல் சம்பவம்". அடுத்த நாள் சந்தியில, சந்தையில, கோயில் வீதியில எல்லாம் அந்த ரெண்டு சொல்தான். சிலர் நல்ல தமிழ் எண்டினம். சிலர் இதுக்குமேல என்ன சொல்லேலும் எண்டினம். என்னோட படிப்பிச்ச ஒரு ரீச்சர் மட்டும், வாத்தியார் வேலை வாயைவிட்டுப் போகுமோ, "எழுவாய் எங்க?" எண்டு கேட்டா. மெதுவாத்தான் கேட்டா. ஆக, வாங்கில இருந்து அலசுற ஆக்களை நான் பேசமாட்டன், தேத்தண்ணிக் காசைக் குடுத்தாச் சரி.

கேள்வி: செலென்ஸ்கி, புட்டின் ரெண்டுபேரின்ர பிரஸ் கொன்பரன்ஸில உங்கட "முகம் பாக்கிற" வித்தை என்ன சொல்லுது? (வாசகர், நோர்வேயில இருந்து, சொந்த ஊர் புங்குடுதீவு)

தோத்துப்போச்சு. செலென்ஸ்கி முந்தித் தொழில்முறை நடிகர், முகத்தைப் பாத்து என்னத்தைக் கண்டுபிடிக்கிறது. ஆனா 2022 ஏப்ரலில கீவ் நகரத்தில நிலத்துக்கடியில மெட்ரோ ஸ்ரேசனில வைச்சார் பாருங்கோ, ரயில் ஒருபக்கம் போய்க்கொண்டிருக்க, அண்டைக்கு எனக்கு முகம் தேவைப்படேல்ல, மேல ஆகாயத்தை நம்பேலாத சனம் கீழ இறங்குறது எங்களுக்குத் தெரியாததோ, எங்கட பங்கருக்குள்ள மைக் மட்டும்தான் இருக்கேல்ல. 2024 பெப்ரவரியில 31,000 படையினர் செத்தவை எண்டு அவர் ஒரு கணக்குச் சொன்னார், அமெரிக்க அதிகாரிகள் அதுக்கு முதலே சொல்லி வந்த கணக்கு அதைவிட எவ்வளவோ கூட. அது எனக்குப் பழகின விசயம். சண்டைக் காலத்தில ரெண்டு பக்க றேடியோவையும் கேட்டுக் கூட்டி, ரெண்டால பிரிச்சுப் பாத்துக்கூட உண்மைக்குக் கிட்டப் போனதில்ல.

புட்டின்ர 2023 டிசம்பர் நிகழ்ச்சிதான் பகிடி. நாலு மணித்தியாலம். மனிசன்ர முகத்தில ஒரு சுருக்கம் அசையேல்ல. ஆனா பின்னால திரையில சனம் அனுப்பின மெசேஜ் ஓடுது, அதில ஒண்டு, அரசாங்க ரீவியான முதலாம் சனலில காட்டுற ரஷ்யாவுக்குக் குடிபோறது எப்பிடி எண்டு. வேணுமெண்டு விட்டதோ கை தவறினதோ, அவர் அதுகளுக்குப் பதில் சொல்லேல்ல, எழுதினவை பகிடியாவே ஒரு நாட்டுக்குப் பதில் எழுதிப்போட்டினம்.

கேள்வி: புஷ்ஷைச் சொல்லுறியள். இந்தப் பகுதியில நீங்கள் விட்ட ஆகப்பெரிய பிழை என்ன? (வாசகி, நல்லூர்)

உதைத்தான் நான் பயந்தது. எழுதித் தந்ததால ஆயத்தமாச் சொல்லுறன். கொரோனா நேரம் ஒரு பிள்ளை, வெளிநாட்டு மாப்பிள்ளை கட்டுறதோ வேலைக்குப் போறதோ எண்டு கேட்டு எழுதினவ. நான் பகிடியா ரெண்டு வரி போட்டு, வாசிச்ச எல்லாரும் சிரிச்சினம். ஆறு மாசம் கழிச்சு அந்தப் பிள்ளையின்ர தாய் கடிதம் போட்டா, அவ அதை மெய்யாத்தான் கேட்டவ, உங்கட பதிலைத் தமையன்மார் வீட்டில வாசிச்சுக் காட்டிச் சிரிச்சவை எண்டு. அந்தக் கடிதம் லாச்சிக்குள்ள கிடக்கு. மறுமொழி எழுத மூண்டுதரம் துவங்கி முடிக்கேல்ல. பிள்ளை, நீங்கள் இதை வாசிச்சா மன்னியுங்கோ.

கேள்வி: புஷ்ஷிட்டக் கேள்வி கேட்ட அந்த நிருபருக்குப் பேந்து என்ன நடந்தது? (வாசகர், கோண்டாவில்)

ஒண்டும் நடக்கேல்ல. கேட்டுப்போட்டு இருந்தார், நோட்ஸ் எழுதினார், வீட்ட போயிருப்பார். ஜோன் டிக்கர்சன் பிறகு சிபிஎஸ் ரீவிக்குப் போய் "ஃபேஸ் த நேஷன்" எண்ட ஞாயிறு நிகழ்ச்சியை 2015 இல இருந்து கொஞ்சக்காலம் நடத்தினவர். புஷ்ஷின்ர ஆக்களுக்குக் கோவம் இருந்திருக்கும், சிலர் கேள்வியே அநியாயம் எண்டு எழுதினவை, அவ்வளவுதான்.

உங்கட கடிதம் வாசிச்ச பிறகு அந்த வீடியோவைத் திருப்பிப் போட்டுப் பாத்தன். இவ்வளவு வருசமும் நான் புஷ்ஷின்ர முகத்தைத்தான் பாத்திருக்கிறன், கேக்கிறவரை ஒருக்காவும் கவனிக்கேல்ல. குரல் நடுங்கேல்ல. வாசல் பக்கம் திரும்பிப் பாக்கேல்ல.

மயில்வாகனம் நிமலராஜனை உங்களுக்குத் தெரியும், பிபிசிக்கும் கொழும்புப் பேப்பருகளுக்கும் இஞ்ச இருந்து செய்தி குடுத்தவர், டைனமோ சுத்திக் கேட்ட சனத்துக்குப் பிறகு அந்தக் குரல்தான் தமிழோசையில யாழ்ப்பாணம். 2000 ஒக்டோபர் 19 இரவு, எலக்சன் முடிஞ்சு ஒண்டரைக் கிழமை, ஊரடங்கு நேரம், ஆமி செக்பொயின்ற் சுத்திவர இருக்கிற இடத்தில, வீட்டில மேசையில இருந்து எழுதிக்கொண்டிருக்கேக்க ஜன்னலுக்கால சுட்டவை. தகப்பனை வெட்டி, வீட்டுக்குள்ள குண்டும் எறிஞ்சிட்டுப் போனவை. ஊரடங்குக்குள்ள வந்து ஊரடங்குக்குள்ளயே போனவை. இலங்கையில இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் தண்டனை இல்ல.